நான்காவது கிளாஸ்

அமராவதிபுதூர்,
21 அக்டோபர் 2024

சகாய ஆண்டனி அண்ணனுக்கு,

சுகமா என்று கேட்க வேண்டும். மனம் வரவில்லை, விட்டுவிடுகிறேன். உங்கள் எண்ணை என் போனில் தடுத்து வைத்துப் பத்தொன்பது மாதம் ஆகிறது. அதைத் திறக்கவும் விருப்பமில்லை. ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

நேமத்தான்பட்டியில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். அங்கே சாப்பாட்டுக் கூடத்தை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன சனிக்கிழமை மாலை நாராயண் என்பவர் சென்னையிலிருந்து பத்துப் பேரை அழைத்து வந்தார். ஒயின் ருசி பார்க்கும் குழு. ஒரே திராட்சை, ஷெனின் பிளாங்க். ஆறு இடங்களில் ஆறு பேர் செய்த வெள்ளை ஒயின். எது யாருடையது என்று தெரியாமல் வரிசையாக வைத்துப் பார்ப்பது அவர்கள் முறையாம். எங்கள் மேனேஜர் கல்யாணசுந்தரி பாட்டில்களைத் துணிப்பையில் போட்டு, கலைத்து, கழுத்தில் எண் அட்டை கட்டி ஐஸில் வைத்தார். எந்த எண்ணில் எது இருக்கிறது என்று அவருக்கே நினைவில்லை. ஊற்றுவது என் வேலை. துப்புவதற்கு அந்த வீட்டுப் பழைய பித்தளைப் படிக்கங்களைத் துலக்கி வைத்திருந்தோம். வெற்றிலை எச்சில் துப்பிய படிக்கத்தில் ஒயினைத் துப்புகிறோமே என்று அவர்களுக்கு ஒரே சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒயினை வாயில் வைத்துத் துப்புகிற ஒருவரோடு எட்டு வருடம் குடும்பம் நடத்தியவள் நான்.

ஊற்றிக்கொண்டே போகையில் ஒரு பாட்டிலில் கை நின்றுவிட்டது. பழுத்துத் தரையில் விழுந்த கொய்யா வாசனை, அதற்கடியில் மழை பட்ட சுண்ணாம்புச் சுவரின் வாசனை. அவர் லீவில் வரும்போது பெட்டியைத் திறந்தால் சட்டைகளிலிருந்து வருமே, அதேதான். முதுகுக்குப் பின்னால் அவர் நிற்பது போல இருந்தது. போல என்ன, நின்றார். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. "என்ன பெல்சி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீக? ஊத்துங்க" என்று கல்யாணசுந்தரி அதட்டிய பிறகுதான் கை நகர்ந்தது.

கடைசியில் துணியை எடுத்துப் பார்த்தார்கள். நான்காம் எண்தான் உயர்ந்தது என்று பத்தில் ஏழு பேர் எழுதியிருந்தார்கள். அது ஒரு பெரிய கம்பெனியின் பாட்டில். ஐந்தாம் எண்ணை யாருக்கும் பிடிக்கவில்லை. நனைந்த சாக்கு என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐந்தின் துணியை எடுத்தால் லேபிளே இல்லை. கழுத்தில் நூல் கட்டித் தொங்கிய சின்னச் சீட்டில் 'டேங்க் 7, 2023' என்று மட்டும் இருந்தது. "யார் வீட்டு அடுப்பங்கரையில செஞ்சது?" என்று ஒருவர் கேட்க, கூடமே சிரித்தது.

அந்த ஏழின் நடுவில் குறுக்குக் கோடு. அப்படி எழுதுகிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? அந்த டேங்க் ஒயினை முதலாளி சாக்கடையில் விடச் சொல்லிவிட்டார், ஒரு சொட்டு மிச்சமில்லை என்றீர்கள். என் புருஷனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னீர்கள். அது பொய் என்றால், அன்றைக்குச் சொன்ன மற்றது என்ன?

பாட்டிலை அனுப்பியது யார்?

பெல்சி


திண்டோரி, நாசிக் மாவட்டம்,
28 அக்டோபர் 2024

பெல்சிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கத் தைரியம் வரவில்லை. மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஷெட்டுக்கும் ரூமுக்கும் அலைந்தேன். பிரித்தால் முதல் வரியிலேயே 'நீங்கள்'. பாவாடை கட்டிய காலத்திலிருந்து வா, போ என்று அதிகாரம் செய்தவள். சரி, எனக்கு வேண்டியதுதான்.

நான்தான் அனுப்பினேன்.

சாக்கடையில் விடச் சொன்னது உண்மை. வால்வைத் திறந்துவிட்டவனும் நான்தான். ஆனால் திறப்பதற்கு முன்னால், ஆள் இல்லாத நேரத்தில், இருபத்து நாலு பாட்டில் பிடித்து வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை டேங்கில் தொங்கவிட்டிருந்த சீட்டுகளையும் எடுத்துக்கொண்டேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மனிதனைத்தான் காப்பாற்றவில்லை.

டேங்க் 7 முழுக்க முழுக்க அவனுடைய பிடிவாதம். உனக்குத் தெரிந்திருக்கும், உன்னிடம் போனில் வேறு என்ன பேசியிருப்பான்! எல்லா டேங்குக்கும் பாக்கெட் ஈஸ்ட் போடுவோம். அவன் ஒன்றே ஒன்றுக்குப் போடாமல், பழத்தின் தோலில் இருக்கும் ஈஸ்டிலேயே புளிக்க விடலாம் என்றான். முதலாளி திட்டினார். நானும் திட்டினேன். "மச்சான், ஒரே திராட்சையில ஆறு பேரு செஞ்சதை வச்சு, பேரை மூடிட்டு, என்னோடதையும் நடுவுல வைக்கணும். அன்னைக்கு யாரு என்ன சொல்றாகன்னு நான் மறைஞ்சு நின்னு கேக்கணும்" என்பான். சினிமா பார்க்க ஆசைப்படுகிற பிள்ளை மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருப்பான்.

ஆகஸ்டில் நாராயண் இங்கே வந்திருந்தார். செட்டிநாட்டில் ஷெனின் பிளாங்க் வைத்துப் பார்க்கப் போகிறோம் என்று ஹோட்டல் படங்களைக் காட்டினார். ஒரு படத்தில் தண்ணீர் ஜாடியோடு நீ நின்றாய். மெலிந்துவிட்டாய். இரண்டு பாட்டில் கொடுத்தேன், ஒன்று ஊற்ற, ஒன்று கையிருப்புக்கு. யார் செய்தது என்று சொல்லவில்லை. அவன் மறைந்து நின்று கேட்க முடியாது. நீயாவது பக்கத்தில் இருப்பாய் என்று நினைத்தேன்.

சிரித்தார்களா பெல்சி? அந்த வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. நனைந்த சாக்கா? கார்க்கைக் கையால் அடித்தேன், காற்றுப் புகுந்திருக்கும். வெயில் அடிக்கிற ரூமில் வைத்திருந்தேன். தப்பு என்னுடையது. அவன் செய்தது கெட்டுப்போகிற சரக்கே இல்லை. செத்த பிறகும் அவனைப் பார்த்துச் சிரிக்க வைத்துவிட்டேன்.

மற்றதைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அது கடிதத்தில் எழுதுகிற சமாச்சாரமா?

டேங்க் 7இல் இப்போது வேறு சரக்கு நிற்கிறது. கூலர் ஓடத் தொடங்கினால் எஃகு சுருங்கி டக் டக் என்று இரண்டு சத்தம் வரும். எல்லா டேங்கிலும் வருகிறதுதான். எனக்கு ஏழு மட்டும்தான் கேட்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆண்டனி


அமராவதிபுதூர்,
3 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

கடிதத்தில் எழுதுகிற சமாச்சாரம்தான். வாயால் சொன்னதன் லட்சணத்தைத்தான் பார்த்தோமே.

நேற்று கல்லறைத் திருநாள். இரண்டு நாளாக விட்டு விட்டு மழை. ஆனாலும் எல்லோரும் வந்து வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டார்கள். தோட்டம் முழுக்க வெள்ளை. ஒரு கல்லறை மட்டும் பாசி பிடித்துக் கறுப்பாகக் கிடந்தது. யாருடையது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வருடமும் அப்படித்தான்.

என் மாமியார் ஏன் சுண்ணாம்பைத் தொடவில்லை என்று தெரியுமா? மாமனார் தைரியநாதன் குடித்தே நாற்பத்தொன்றில் போனார். அவரைப் புதைத்த மறுநாள், பத்தொன்பது வயது மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பீடத்தில் கை வைத்துச் சத்தியம் வாங்கியவர் சகாயராணி அத்தை. நீங்கள் ஒயின் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தபோது அவர் ஆடிய ஆட்டம் நினைவிருக்கும். "குடிச்சுச் செத்தவன் மகன் குடி காச்சப் போறானா?" என்று மூன்று நாள் சாப்பிடவில்லை. இவர் என்ன செய்தார்? ஒரு செம்பு மோரை எடுத்து, ஒரு வாய் வைத்து, கொப்பளித்து, முற்றத்தில் துப்பிக் காட்டினார். "குடிக்கலம்மா. பாக்குறேன், அம்புட்டுத்தான்" என்றார். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகுதான் விட்டார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தடியில் நின்று நாலு பேர் கேட்க நீங்கள் சொன்னீர்கள்: "கொஞ்சம் போட்டிருந்தான் போல. அதான் தெரியாம டேங்குக்குள்ள இறங்கிட்டான்." நாங்கள் வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்னால் அந்தப் பேச்சு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. சாராயத் தொட்டியில் விழுந்து செத்தவன் என்று ஊரே பேசுகிறது. அத்தை அன்றிலிருந்து கோவிலில் கடைசி பெஞ்ச். மகன் போன துக்கத்தைக்கூட அவரால் முழுதாக அழ முடியவில்லை. "அவன் உள்ள விட்டானா இல்லையான்னு தெரியாம நான் சுண்ணாம்பு தொட மாட்டேன்டி" என்கிறார்.

அவரைச் சொல்லி என்ன? வாளியும் சுண்ணாம்பும் என் வீட்டிலும்தான் இருக்கிறது. நானும் தொடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் சந்தேகம். அந்த மாதம் முழுக்கப் போனில் சண்டை. ஈஸ்டருக்கு வர முடியாது என்றதற்கு நான் என்னென்னவோ பேசினேன். அந்த வருத்தத்தில் ஒரு வாய் உள்ளே விட்டிருப்பாரோ? நான் விட வைத்தேனோ? பத்தொன்பது மாதமாக இதைத்தான் தின்கிறேன், இதைத்தான் குடிக்கிறேன்.

அன்று ஊற்றிய கிளாஸ்களில் ஒன்றை மட்டும் கழுவாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அதில் இருந்ததைப் படிக்கத்தில் கொட்டிவிட்டார்கள், காலிக் கிளாஸ்தான். அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இரண்டு வாரம் ஆகிறது. நிமிர்த்தினால் அந்த வாசனை வருகிறது. இந்த வீட்டில் நான் தனியாக இல்லை, அண்ணா. அவர் ஏதோ சொல்ல வந்து நிற்கிறார். சொல்ல வாயில்லை. உங்களுக்கு இருக்கிறது.

அவர் குடித்தாரா, இல்லையா?

பெல்சி


திண்டோரி,
10 நவம்பர் 2024

பெல்சிக்கு,

குடிக்கவில்லை. முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தத் தடவையும் சுற்றி வளைத்துவிடுவேன். அருள் பிரகாஷ் அன்றைக்கு ஒரு சொட்டும் குடிக்கவில்லை. என்றைக்கும் குடித்ததில்லை. தவக்கால வெள்ளிக்கிழமை அது. காலையிலிருந்து தண்ணீர் மட்டும்தான்.

மேலே நின்ற ஒயினை வேறு டேங்குக்கு மாற்றியிருந்தோம். அடியில் மண்டி. அதை வாரிக் கழுவ ஒரு ஆள் உள்ளே இறங்க வேண்டும். மண்டியைக் கிளறினால் மூச்சை அடைக்கிற கரியமில வாயு கிளம்பும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதனால் ஒருவர் உள்ளே இறங்கினால் இன்னொருவர் டேங்கின் வாயருகே நின்றே ஆக வேண்டும். உள்ளே இருப்பவர் இடுப்பில் கயிறு. நிமிடத்துக்கு ஒரு தடவை அவர் ஸ்பேனரால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். வெளியே இருப்பவர் பதிலுக்கு இரண்டு தட்டு. தட்டு வரவில்லை என்றால் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட வேண்டும். இதுதான் எங்கள் முறை. மாப்பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

அன்று வெளியே நின்றவன் நான்.

காலிப் பாட்டில் லாரி வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் பறந்தான். இரண்டு தட்டு தட்டி, "போயிட்டு வந்துர்றேன் மாப்ள" என்றேன். இரண்டு தட்டு பதில் வந்தது. "சீக்கிரம் வாங்க மச்சான்" என்றான். பத்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று போனேன். பாதிப் பெட்டி உடைந்திருந்தது, டிரைவரோடு வாக்குவாதம். திரும்பி வர இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. வந்ததும் இரண்டு தட்டு தட்டினேன். பதில் இல்லை. சும்மா விளையாடுகிறான் என்று மறுபடி தட்டினேன். அந்த இரண்டாவது தட்டுக்காக என்னை நான் மன்னிக்கவே மாட்டேன். கயிற்றைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் தட்டிக்கொண்டு நின்றேன்.

தூக்கி வெளியே போட்டபோது சட்டையெல்லாம் மண்டி, ஒயின் நாற்றம். மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "காவல் நின்றவன் போய்விட்டான் என்று எழுதினால் நீ ஜெயிலுக்குப் போவாய். குடித்திருந்தான் என்று எழுதினால் யாருக்கும் தொல்லையில்லை" என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஊருக்கு வந்தபோது அதே பொய் வாயில் தயாராக இருந்தது. யாரும் கேட்காமலேயே சொன்னேன் பெல்சி. அவர்கள் கேட்டிருந்தால்கூட ஒரு சாக்கு இருந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியின் ரசாயனப் பரிசோதனை அறிக்கை என் முகவரிக்கு வந்தது. மராத்தியில் இருக்கும். இரத்தத்திலும் வயிற்றிலும் மது இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. உனக்கு அனுப்ப வேண்டியதை டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். இத்துடன் அசலை வைத்திருக்கிறேன். என்னை நம்பாதே. மராத்தி தெரிந்த யாரிடமாவது காட்டு.

அவன் தட்டுகிறான் என்று எழுத நினைத்துத்தான் போன கடிதத்தில் எஃகு சுருங்குகிறது என்று எழுதினேன். ஒவ்வொரு தடவையும் நான் பதிலுக்குத் தட்டுகிறேன். ஷெட்டில் எல்லோரும் எனக்குக் கிறுக்கு என்று நினைக்கிறார்கள்.

ஆண்டனி


அமராவதிபுதூர்,
17 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

காரைக்குடியில் வெள்ளி உருக்கும் மராத்திக்காரர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் போய்ப் படிக்கச் சொன்னேன். இரண்டு தடவை விரல் வைத்துப் படித்துவிட்டு, "தண்ணி இல்லக்கா. சுத்தமா இல்ல" என்றார். வீட்டுக்காரரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். முன்பின் தெரியாத மனிதரின் பட்டறையில், முழுதாக, முதல் தடவையாக.

பிறகு வீட்டுக்கு வந்து உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். கூடப் பிறந்தவனை எழுதக் கூடாத வார்த்தையெல்லாம் எழுதினேன். லாரிக்குப் போனது தவறு, மனிதன் செய்கிற தவறு. அவர் பேரில் குடியை எழுதியது பாவம். தெரிந்தே செய்தாய். உண்மைத் தாள் கையில் வந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு பதினேழு மாதம் சோறு தின்றாய்.

அந்த நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று எனக்கு அந்த வாசனை வந்தது ஐந்தாவதை ஊற்றும்போது இல்லை. நான்காவதை ஊற்றும்போது.

ஆறையும் ஊற்றி முடித்துவிட்டுக் குளியலறைக்குப் போய் முகம் கழுவினேன். பாட்டில்களைத் தட்டில் அடுக்கி மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் ஈரத்தில் இரண்டு பாட்டிலின் எண் அட்டை கழன்று தட்டில் கிடந்தது. நான்கும் ஐந்தும். எது எதற்கு என்று தெரியும் என்ற நினைப்பில் கட்டிவிட்டேன். மாற்றிக் கட்டியிருக்கிறேன். துணியை எடுத்து, ஐந்து என்று சொல்லி, அவர் கையெழுத்துச் சீட்டைத் தூக்கிக் காட்டியபோதுதான் தெரிந்தது. ஏழு பேர் உயர்ந்தது என்று எழுதியது அவருடைய ஒயின், அண்ணா. நனைந்த சாக்கு என்றது அந்தக் கம்பெனியுடையதை.

பத்துப் பேர் சிரிக்கிறார்கள். "அட்டை மாறிப்போச்சு சார், தப்பு என்னோடது" என்று ஐந்து வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கல்யாணசுந்தரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போய்விடுமே என்று நினைத்தேன். பேசாமல் காலிக் கிளாஸ்களை எடுத்துத் தட்டில் அடுக்கினேன். அவர் ஆசைப்பட்ட நாள் அது. என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பேருக்கு வந்ததை வேறொருத்தன் பேருக்குப் போக விட்டேன். அதோடு நிற்கவில்லை. உனக்கு எழுதிய முதல் கடிதத்திலும் ஐந்தாம் எண் என்றே எழுதினேன். நீ கார்க்கை நினைத்துப் புழுங்கியதைப் படித்த பிறகும் சொல்லவில்லை.

உனக்கு ஜெயில் பயம். எனக்கு மேனேஜர் பயம். அளவில்தான் வித்தியாசம். இதைத் தெரிந்துகொண்டு உன்னை எப்படிக் கிழிப்பது?

நாளை காலை கல்யாணசுந்தரியிடம் சொல்லிவிட்டு நாராயணுக்குப் போன் செய்யப் போகிறேன். என் பங்கை நான் சரிசெய்கிறேன். உன் பங்கு உன்னிடம்.

பெல்சி


திண்டோரி,
25 நவம்பர் 2024

பெல்சிக்கு,

ஏழு பேரா!

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன். டேங்க் முன்னால் நின்று, "ஏழு பேரு மாப்ள, பத்துல ஏழு பேரு" என்று சத்தமாகச் சொன்னேன். பைப் கழுவிக்கொண்டிருந்தவன் பயந்து வெளியே போய்விட்டான். பதில் தட்டு ஏதும் வரவில்லை. கூலர் ஓடவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றேன்.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். காவல் நின்றவன் நான், இடத்தை விட்டுப் போனவன் நான், முன்பு கொடுத்தது பொய் என்று மூன்று வரி. விசாரணையைத் திறப்பார்களாம். என்ன செய்வார்களோ தெரியாது. கம்பெனியில் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ரூமை மாத முடிவில் காலி செய்ய வேண்டும். இரண்டு நாளாகச் சோறு இறங்குகிறது.

உன் மாமியாரை நேரில் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. பங்குச் சாமியாருக்கு விவரமாக ஒரு கடிதம் எழுதுகிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் அவரே வாசித்துவிடட்டும். எல்லோருக்கும் ஒரே தடவையில் தெரிந்துவிடும். அதற்கு அந்த அம்மா சம்மதிப்பார்களா என்று கேட்டு எழுது.

ஆண்டனி


அமராவதிபுதூர்,
2 டிசம்பர் 2024

அண்ணா,

சம்மதிக்கவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கல்யாணசுந்தரி முதலில் கத்தினார். "ஒரு மாசம் கழிச்சு வந்து சொல்றீகளே, ஹோட்டல் பேரு என்னத்துக்கு ஆகும்?" என்று பாத்திரத்தையெல்லாம் உருட்டினார். பிறகு யாருடையது என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய், கையிருப்புக்கு என்று நீ கொடுத்தாயே, அந்த இரண்டாவது பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். வேலை போகவில்லை. நாராயணுக்குப் போன் செய்து சொன்னேன். "சிரிச்சது நாங்கதான், நீங்க ஏன் அழறீங்க? லிஸ்டைத் திருத்தி எல்லாருக்கும் அனுப்புறேன். செஞ்சவர் பேரைச் சொல்லுங்க" என்றார். அருள் பிரகாஷ், அமராவதிபுதூர் என்று சொன்னேன். இந்த ஊர்ப் பேரையும் சேர்த்துச் சொன்னேன்.

அத்தையிடம் தாளை வாசித்துக் காட்டியது நேற்று, ஞாயிறு பூசை முடிந்த பிறகு. நீ எழுதியதையும் மறைக்காமல் வாசித்தேன். மது இல்லை என்ற வரியை மட்டும் மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். அழவில்லை. எழுந்து போய் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்தார்.

திருநாள் முடிந்து ஒரு மாதம் ஆன பிறகு, மழை விட்ட ஒரு பகலில், கிழவி ஒருத்தி கல்லறைக்கு வெள்ளையடித்தால் ஊர் பார்க்கத்தானே செய்யும். வேலியோரமாக நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பாசியைச் சுரண்டி, இரண்டு கை பூசி, சிலுவையின் பின்பக்கம்வரை அடித்து முடித்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "அவன் செஞ்சதைக் கொண்டாந்தியா? ஊத்து" என்றார். கல்லறையில் வைக்கலாம் என்று பாட்டிலையும் கிளாஸையும் பையில் கொண்டுபோயிருந்தேன், ஆனாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊற்றினேன். அந்தக் கழுவாத கிளாஸில்தான் ஊற்றினேன்.

ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு, மெதுவாகக் கொப்பளித்தார். முற்றத்தில் மோரை வைத்து மகன் செய்து காட்டிய மாதிரியே. பிறகு கல்லறைக்குப் பக்கத்து மண்ணில் துப்பினார். வேலியிலிருந்து பொன்னுத்தாயி, "ஏ சகாயராணி, மகன் கல்லறையில உக்காந்து குடிக்கியா?" என்று கேட்டாள். அத்தை திரும்பி, தோட்டமே கேட்கும்படி சொன்னார்:

"குடிக்கல. பாக்குறேன். என் மகனும் அம்புட்டுத்தான் செஞ்சான்."

அதன்பிறகுதான் அழுதார். இருபது மாத அழுகையும் சேர்ந்து வந்தது. நானும் அவரும் சுண்ணாம்பு ஈரத்தில் உட்கார்ந்து அழுதோம். மிச்சத்தில் நான் ஒரு வாய் குடித்தேன். நான் சத்தியம் ஏதும் செய்யவில்லையே, துப்ப மனம் வரவில்லை. கொய்யாவும் சுண்ணாம்பும்தான். கெடவே இல்லை, அண்ணா. நீ கார்க் அடித்ததில் ஒரு குறையும் இல்லை.

இப்போது உன் விஷயம். கடிதம் வேண்டாம் என்கிறார் அத்தை. "வாயால சொன்னதை வாயாலதான் எடுக்கணும். சாமியார் வாயை எதுக்கு இரவல் வாங்குறான்? அன்னைக்கு நின்ன அதே வேப்பமரத்தடிக்கு வரச் சொல்லு. நாலு பேரு இல்ல, நாப்பது பேரு நிக்கையில சொல்லட்டும்" என்கிறார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் போன் செய்யாதே, நேரே வா. வருகிற பதினைந்தாம் தேதி ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் வெளியே நிற்பார்கள். அத்தையும் நானும் முன்னால் நிற்போம். அன்றைக்குச் சொல்லாமல் வீட்டுப் பக்கம் வராதே. சொல்லிவிட்டால் வா, சோறு இருக்கும். மன்னிப்பதைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

கிளாஸை இப்போதும் கழுவவில்லை. வாசனை போய்விட்டது என்கிறார் அத்தை. எனக்கு இருக்கிறது. நீ வந்து ஒரு தடவை முகர்ந்து பார். அதன்பிறகு கழுவிக்கொள்ளலாம்.

உன் தங்கை,
பெல்சி